ஐம்பத்தொன்றும் பதினேழும்

நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் விடைகளை ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பொறியியல் கல்லூரி மையத்தில் அதுதான் வழக்கம். மற்ற ஊர்களில் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் நின்று தாங்களாகவே ஒத்துப்பார்த்துக்கொள்கிறார்களாம். அதில் அடிதடி வருகிறது என்பதால் இங்கே அதற்கென்று ஒரு மைதானத்தை ஒதுக்கியிருந்தார்கள்.

மைதானத்தில் நான்கு புங்க மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தகரப் பலகை அடித்திருந்தது. அ, ஆ, இ, ஈ. பெண் கண்காணிப்பாளர் ஒருவர் கைப்பந்து நடுவரின் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருப்பார். கணக்கைப் படித்து விசில் ஊதுவார். எந்த விடைக்கு வட்டத்தைக் கறுப்பாக்கினாயோ அந்த மரத்தடிக்கு நீ ஓட வேண்டும். எந்த மரத்தடியில் கூட்டம் அதிகமோ அதுதான் சரியான விடை. சரியான விடை அப்போதே நடந்துவிடும்.

இதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை. ஒரே ஒரு தடவை ஒரு பெற்றோர் கேட்டிருக்கிறார், கூட்டம் தப்பான மரத்தடியில் கூடினால் என்ன செய்வீர்கள் என்று. "சரியா தப்பான்னு பாக்க எங்ககிட்ட ஆள் இல்ல. ஒத்துப்போகுதான்னு பாக்கத்தான் ஆள் இருக்கு" என்று கண்காணிப்பாளர் பதில் சொன்னார். கேட்டவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மாரிச்செல்விதான் மைதானத்துக்கு முதலில் வந்தாள். தேர்வறையிலிருந்து அங்கே வரும் தாழ்வாரம் எழுதியதைப் பொறுத்து நீளும். நன்றாக எழுதியவர்களுக்கு எட்டி வைத்தால் முடிந்துவிடும். சுமாராக எழுதியவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். மாரிச்செல்விக்கு அன்று தாழ்வாரமே இல்லை. பெஞ்சிலிருந்து எழுந்தாள், வெயில் தலையில் விழுந்தது.

அவளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கோவில்பட்டியில் அவள் படித்த பயிற்சி வகுப்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எந்தத் தேர்வு எழுதி வந்தாலும், "சரியாவே எழுதல, எல்லாம் போச்சு" என்றுதான் சொல்வாள். கண் பட்டுவிடும், நன்றாக எழுதினேன் என்று வாய் திறக்காதே என்று அம்மா சொல்லி வளர்த்தது அப்படி. சொல்லிச் சொல்லி அவளுக்கு அழுகையும் நன்றாகவே வரும். அப்புறம் விடைத்தாள் வரும், நூற்றுக்கு நூறு இருக்கும். இந்த மாதிரி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருந்திருக்கும். உங்களுக்கும் அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்திருக்கும்.

அவளுடைய தோழி ஆக்னஸ் அடுத்து வந்தாள். லேசாக மூச்சு வாங்கியது. "ஒரு தெரு நீளம் இருந்துச்சுட்டி தாழ்வாரம். ஒனக்கு?" என்றாள்.

"எனக்கும் நீளந்தான். சரியாவே எழுதல" என்றாள் மாரிச்செல்வி.

"ஆரம்பிச்சுட்டா" என்று ஆக்னஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மைதானம் மெல்ல நிறைந்தது. பாதிப் பேர் கோவில்பட்டிப் பிள்ளைகள். மீதிப் பேர் சங்கரன்கோவிலிலிருந்து வேறொரு பயிற்சி வகுப்பு வைத்த பேருந்தில் வந்தவர்கள். அவர்களுக்கு இவர்களைத் தெரியாது. எல்லாருடைய கையிலும் விடைத்தாளின் நகல் இருந்தது. நகலில் வட்டங்கள் கறுப்பாக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. மனம் மாறினால் அந்தக் கறுப்பு வட்டம் தானாக நகர்ந்து அடுத்த எழுத்துக்குப் போகும். வாய் மாறினால் நகராது. மனத்துக்கும் வாய்க்கும் உள்ள வித்தியாசம் வட்டத்துக்குத் தெரியும்.

விசில் ஊதியது. முதலில் ஏணிக் கணக்கு. சுவரில் சாய்த்த ஏணி வழுக்குகிறது, மேல்முனை என்ன வேகத்தில் இறங்கும் என்று கேள்வி. கூட்டம் இ மரத்தடியில் சேர்ந்தது. கல்லூரிச் சுவரில் ஏணி போட்டு பல்பு மாட்டிக்கொண்டிருந்த காவலாளி அதே வேகத்தில் கீழே வந்து சேர்ந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இந்த வருசம் பரவால்ல. போன வருசம் விடை பெருசா இருந்துச்சு" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

அடுத்தது வட்ட மேசையில் ஐந்து பேரை எத்தனை விதமாக உட்காரவைக்கலாம் என்ற கணக்கு. இருபத்துநான்கு என்று முடிவானது. கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஐந்து பேர் எழுந்து இடம் மாறி மாறி உட்காரத் தொடங்கினார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் மைதானத்தைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ திட்டினார்.

பிறகு தொட்டிக் கணக்கு. இரண்டு குழாய்களும் சேர்ந்து ஆறு மணி நேரத்தில் நிரப்பும் என்று ஒத்துப்போனது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஆறு மணி நேரம் ஆகும் என்று தெரிந்ததால் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஒவ்வொரு கணக்கிலும் கோவில்பட்டிப் பிள்ளைகள் முதலில் மாரிச்செல்வி எங்கே ஓடுகிறாள் என்று பார்த்தார்கள். அப்புறம்தான் தங்கள் கால்களை எடுத்தார்கள். அவள் நின்ற மரத்தடியிலேயே தானும் நிற்பவர்கள் சிரித்தார்கள். மாற்றிப் போட்டவர்கள் "அய்யோ" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். அடித்த கையை எடுப்பதற்குள் அவர்களுடைய வட்டம் நகர்ந்திருந்தது.

கண்காணிப்பாளர் தண்ணீர் குடித்தார். அடுத்த கணக்கைப் படித்தார்.

"ஒரு தந்தைக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய மகளுக்கு வயது பதினேழு. இன்னும் எத்தனை ஆண்டுகளில் தந்தையின் வயது மகளின் வயதைப்போல் இருமடங்காகும்? அ, பதினேழு. ஆ, பன்னிரண்டு. இ, முப்பத்துநான்கு. ஈ, ஆகாது. அதுவரை அவர் இருக்கமாட்டார்."

மாரிச்செல்வி கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கணக்கு வரும் என்று தெரிந்துதான் மைதானத்துக்கு வந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தாள்.

வினாத்தாள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அங்கே வந்திருந்த அப்பாக்களில் ஐம்பத்தொரு வயதுக்காரர் ஒருவர்தான். அவர் கேட்டுக்கு வெளியே, சாலையோரம், செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். பெயர் ஆவுடையப்பன். மாவு மில்லில் வேலை. மடியில் ஒரு துணிப்பையை வைத்திருந்தார். அதில் எலுமிச்சம்பழச் சோறும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன.

போன மாதம் அவரை அவள் திருநெல்வேலிக்கு, நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் அவரை எடை பார்த்துவிட்டு வரும்படி வெளியே அனுப்பினார். பிறகு மேசையைப் பார்த்தபடி அவளிடம் சொன்னார். மில் மாவு நெஞ்சுக்குள் படிந்து கல்லாகிவிட்டது, இரண்டு வருசம், கவனமாக இருந்தால் மூன்று. வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிடு என்றார். அப்பா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "ஒரு கிலோ கூடிருக்கு தாயி" என்றார். பேருந்தில் ஏறிய பிறகு, "டாக்டரு என்னம்மா சொன்னாவ?" என்று கேட்டார். "சளிதாம்ப்பா" என்றாள் அவள். அவருக்குத் திருப்தி. ஜன்னலோரம் தூங்கிப்போனார்.

அதன் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நடக்காது என்று ஒரு நினைப்பு.

தேர்வறையில் இந்தக் கணக்கைப் பார்த்ததும் ஓரத்தில் சமன்பாடு எழுதினாள். பதினேழு வந்தது. வராமல் எங்கே போகும். பதினேழு வருசம் கழித்து அவளுக்கு முப்பத்துநான்கு, அப்பாவுக்கு அறுபத்தெட்டு. பேனாவை அ-வின் மேல் வைத்தாள். அறுபத்தெட்டு வயது அப்பாவை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினாள். தலைமுடியை வெளுக்கவைத்தாள். ஒரு மூக்குக் கண்ணாடி மாட்டினாள். கையில் ஒரு கம்பு கொடுத்தாள். அப்பா வரவில்லை. கண்ணாடியும் கம்பும் மட்டும் நின்றுகொண்டிருந்தன.

கண்ணைத் திறந்து ஈ-யைக் கறுப்பாக்கினாள். அவளுக்கு உண்மையை எழுதித்தான் பழக்கம். வேறு மாதிரி எழுத யாரும் சொல்லித்தரவில்லை.

விசில் ஊதியது. எல்லாரும் அ மரத்தை நோக்கி ஓடினார்கள். கோவில்பட்டிப் பிள்ளைகளும்கூட அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவ்வளவு எளிதான கணக்கு. மாரிச்செல்வி மட்டும் ஈ மரத்தடிக்கு நடந்தாள்.

தனியாக நின்றாள். மரத்தடி குளுமையாக இருந்தது. தப்பு செய்ததற்காக அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டாள். எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். பதினேழு என்று முடிவாகிவிடும். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது நடந்தே தீரும். ஒரு மதிப்பெண் போகட்டும், சீட்டே போனாலும் போகட்டும். சீக்கிரம் எண்ணுங்கள் மேடம், சீக்கிரம், என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். கண்காணிப்பாளர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஏட்டி, அங்க நிக்கது யாரு?" என்று அ மரத்தடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாரில்லா நிக்கா."

"அவ ஏன் ஈ-ல நிக்கா?"

சத்தம் அடங்கியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாரிச்செல்வி மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தாள். மரம் ஒல்லி.

முதலில் ஆக்னஸ் கிளம்பினாள். ஓடவில்லை, நடந்து வந்தாள். வரும்போதே அவளுடைய நகலில் வட்டம் அ-விலிருந்து வழுக்கி ஆ, இ என்று வந்து ஈ-யில் உட்கார்ந்தது. கேட்டுக்கு வெளியே ஒருவர் இருமினார்.

"வராதட்டி! நான் தப்பா போட்டுட்டேன். போ அங்க!" என்று மாரிச்செல்வி கத்தினாள்.

"இதத்தான நீ எப்பவும் சொல்லுவ" என்றாள் ஆக்னஸ்.

"இந்தத் தடவ நெசமாத்தான் சொல்லுதேன். இது ஏழாங்கிளாஸ் கணக்கு. பதினேழுதான் வரும்."

"ஏழாங்கிளாஸ் கணக்க நுழைவுத் தேர்வுல எவனாவது கேப்பானா? உள்ள பொறி வச்சிருக்கான். அது ஒனக்குத் தெரிஞ்சிருக்கு."

"பொறி ஒண்ணுமே இல்லட்டி."

"பாத்தியா, இல்லங்கா. அப்ப இருக்கு" என்று பின்னால் வந்த ஒருத்தி சொன்னாள். அவளும் மரத்தடியில் நின்றுகொண்டாள். வெளியே மறுபடியும் இருமல்.

அதன் பிறகு வரிசை வரிசையாக வந்தார்கள். மாரிச்செல்வி ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதினாள். ஐம்பத்தொன்று கூட்டல் எக்ஸ். இரண்டு பெருக்கல், அடைப்புக்குறி, பதினேழு கூட்டல் எக்ஸ். வரி வரியாக இறங்கி எக்ஸ் சமம் பதினேழு என்று முடித்துக் கீழே கோடு போட்டாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு" என்றான் ஒருவன்.

"ஒன் வட்டத்தக் காட்டு" என்றான் இன்னொருவன்.

நகலைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வட்டம் ஈ-யில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. "வாய்தாம்லே அங்க போங்குது. வட்டம் இங்கயேல்லா இருக்கு" என்று சிரித்தார்கள். மண்ணில் எழுதியதைக் காலால் அழித்துவிட்டு அங்கேயே நின்றார்கள்.

மாரிச்செல்விக்கு அழுகை வந்தது. அவள் அழுததைப் பார்த்து, தயங்கிக்கொண்டிருந்த மீதிக் கோவில்பட்டிப் பிள்ளைகளும் ஓடி வந்துவிட்டார்கள். அவள் அழுதாலே நூறுதான் என்று அவர்களுக்குத் தெரியும். வெளியே இருமல் நிற்காமல் கேட்டது.

அவள் ஆக்னஸின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள். "ஏட்டி, அது எங்கப்பா. அந்த அம்பத்தொண்ணு எங்கப்பாதான். டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு வருசமாம், மூணு வருசமாம். எனக்கு அதான் ஞாவகத்துக்கு வந்துச்சு, அதான் இத போட்டேன். நீ அங்க போயிருட்டி. நீ போனா எல்லாரும் போவாவ."

ஆக்னஸ் அவளையே பார்த்தாள். அவளுக்கும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆவுடையப்பன் மாமாவை அவளுக்குத் தெரியும். மழை பெய்தால் இரண்டு பேரையும் மில் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விட்டவர்.

"அப்ப தெரிஞ்சுதான் போட்டிருக்க" என்றாள் ஆக்னஸ் மெல்ல.

"ஆமா."

"அப்ப இதாம்ட்டி சரி."

மாரிச்செல்வி அவளை அ மரத்தை நோக்கித் தள்ளிப்பார்த்தாள்.

"எனக்கு சீட் வேணும்ட்டி. எங்க வீட்ல மூணு பொட்டப்புள்ளைய. இந்த ஒரு மார்க் போச்சுன்னா எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் ஆக்னஸ். அழுதுகொண்டே போய் மரத்தடியில் தன் இடத்தில் நின்றாள். அவளுடைய வட்டம் முன்பைவிடக் கறுப்பாக இருந்தது.

சங்கரன்கோவில் பிள்ளைகள் மட்டும் அ மரத்தடியை விட்டு அசையவில்லை. அவர்களுக்கு மாரிச்செல்வி யாரென்றே தெரியாது. யாரையும் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று மாரிச்செல்வி நினைத்தாள். கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

கண்காணிப்பாளர் எண்ணினார். "ஈ-ல ஒரு ஆள் அதிகம்" என்று அறிவித்துவிட்டு விசிலை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தாழ்வாரத்திலிருந்து மன்சூர் வெளியே வந்தான். கோவில்பட்டி வகுப்பின் கடைசி பெஞ்ச். காலையில் மீசைகூட இல்லாமல் உள்ளே போனவனுக்கு இப்போது தாடி வளர்ந்திருந்தது. செருப்பு தேய்ந்து வார் மட்டும் காலில் கிடந்தது. "என்ன நீளம்லே" என்று பொதுவாகச் சொன்னான். கணக்கு என்ன என்று கேட்டான். நேராக அ மரத்தடிக்குப் போனான்.

"எலேய், மாரி ஈ-ல நிக்காலே" என்று ஈ மரத்தடியிலிருந்து கத்தினார்கள்.

"நிக்கட்டும். பேப்பர்லயே இந்த ஒரு கணக்கத்தான் நானா போட்டேன். இத மாத்தமாட்டேன்" என்றான் மன்சூர்.

இரண்டு மரத்தடியும் சமம். கண்காணிப்பாளர் நாற்காலியிலிருந்து இறங்கினார். சமமாக வந்தால் கணக்கில் வரும் ஆளையே கூப்பிட்டுக் கேட்பது விதி. போன வருசம் இப்படித்தான் ஒரு ரயிலைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"ஐம்பத்தொரு வயதுத் தந்தை, மகளுக்குப் பதினேழு, உடனே மைதானத்துக்கு வரவும்" என்று ஒலிபெருக்கி சொன்னது.

ஆவுடையப்பன் எழுந்து செய்தித்தாளை மடித்துப் பையில் வைத்தார். கேட்டில் செருப்பைக் கழற்றினார். போட்டுக்கொண்டே வரலாம் என்று காவலாளி சொன்னார். "காலேஜில்லா" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு வந்தார். வரும்போது கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். நாளைக்கு மகள் இதைப் போல ஒன்றில்தான் படிக்கப்போகிறாள் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது.

மாரிச்செல்வி ஓடிப்போய் அ மரத்தடியில், மன்சூருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அப்பா அவளைத் தேடித்தான் வருவார். அவள் நிற்கும் இடத்தில்தான் நிற்பார்.

"நீ இங்க நிக்கக் கூடாதுல்லா. ஒன் வட்டம் அங்கல்லா இருக்கு" என்றான் மன்சூர்.

"பேசாம இருலே" என்றாள்.

அப்பா அவளைக் கண்டுபிடித்து நேராக வந்தார். "எப்படி எழுதிருக்க தாயி?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்து துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"பெரியவரே, எந்த மரம்னு சொல்லுங்க" என்றார் கண்காணிப்பாளர்.

"எனக்கு என்னம்மா தெரியும்? எம் மவ எந்த மரமோ அந்த மரந்தான்."

"ஒங்க மக நிக்கிறது இங்க. வட்டம் இருக்கிறது அங்க."

அப்பாவுக்கு அது புரியவில்லை. மகளின் கையிலிருந்த நகலை வாங்கிப் பார்த்தார். அவருக்குக் கணக்கு வராது. ஆனால் கறுப்பு வட்டங்கள் தெரியும். மாதிரித் தேர்வுத் தாள்களைப் பஜாரில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்ததெல்லாம் அவர்தான். விரலை வைத்து வரிசையாக எண்ணி இறங்கினார். இந்தக் கணக்கில் வந்து விரலை நிறுத்தினார்.

"இது ஈ-ல்லா? அப்ப ஏந்தாயி இங்க நிக்க?"

"நான் தப்பா போட்டுட்டேம்ப்பா. இதுதான் சரி. எப்பா, இங்கயே நில்லுங்க" என்று அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

அப்பா சிரித்தார். "பத்தாங்கிளாஸ் பரீச்ச எழுதிட்டும் இப்படித்தான் அழுத. சோறுகூடத் திங்கல. கடைசில நூத்துக்கு நூறு."

"அது வேறப்பா."

"பன்னெண்டாங்கிளாஸ்லயும் எல்லாம் போச்சுன்ன. நானும் ஒங்கம்மாவும் பயந்தே போனோம். அதுலயும் நூறு."

"எப்பா, இது அப்படி இல்ல. சத்தியமாச் சொல்லுதேன். தப்புப்பா."

"மில்லுல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன் தாயி. எம் மவ கணக்குல தப்பே பண்ணமாட்டான்னு."

"நான் பண்ணுவேம்ப்பா."

"பண்ணமாட்ட."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். மாரிச்செல்வி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். இப்போது முடியும் என்று தோன்றியது. அந்த முகத்தின் மேல் முடியை வெளுக்கவைத்தாள். கண்ணாடியை மாட்டினாள். பல் இரண்டை எடுத்துவிட்டாள். அறுபத்தெட்டு வயது ஆவுடையப்பன் ஒரு கணம் அவள் எதிரில் நின்று சிரித்தார். நகலில் கறுப்பு வட்டம் நடுங்கியது. ஈ-யை விட்டு இறங்கி இ-யைத் தாண்டி ஆ-வின் விளிம்புக்கு வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான்.

அப்பா இருமினார். குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, நீளமாக இருமினார். வட்டம் வந்த வழியே திரும்பிப் போய் ஈ-யில் உட்கார்ந்துகொண்டது.

அவர் துண்டால் வாயைத் துடைத்தார். மகளின் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். அவளுடைய தலையை ஒரு தடவை தடவினார். மைதானத்தைக் கடந்து ஈ மரத்தடிக்கு நடந்து போனார். வெறுங்கால் சுடும் என்பதால் சற்று வேகமாகவே போனார். கோவில்பட்டிப் பிள்ளைகள் விலகி இடம் கொடுத்தார்கள்.

விசில் ஊதியது.

"ஈ. சரியான விடை" என்றார் கண்காணிப்பாளர்.

ஈ மரத்தடியில் கை தட்டினார்கள். ஆக்னஸும் தட்டினாள். தட்டிக்கொண்டே அழுதாள். சங்கரன்கோவில் பிள்ளைகள் "அய்யோ" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். மன்சூர் தன் வட்டத்தைப் பார்த்தான். அது அ-விலேயே இருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அப்பாவுக்கு இருமல் நின்றுபோனது. மரத்தடியில் நிமிர்ந்து நின்றார். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பெற்றோர்களைப் பார்த்து, "எம் மவ போட்டதுதான் சரியாம்" என்று சத்தமாகச் சொன்னார். அவர்கள் பொறாமையோடு தலையாட்டினார்கள்.

மாரிச்செல்வி மைதானத்தைக் கடந்து அவரிடம் போனாள். அதற்கு ரொம்ப நேரம் ஆனது. நடக்க நடக்க மைதானம் நீண்டுகொண்டே போனது. அவள் போய்ச் சேர்ந்தபோது கண்காணிப்பாளர் அடுத்த கணக்கைப் படித்திருந்தார். பையில் சிவப்புப் பந்துகளும் நீலப் பந்துகளும் இருக்கின்றன என்று ஏதோ ஒன்று. பிள்ளைகள் எல்லாரும் வேறு மரங்களுக்கு ஓடிவிட்டார்கள். ஈ மரத்தடியில் இவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"நீ போகலயா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

அவர் வேர் மேல் உட்கார்ந்தார். பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆமா, அது என்ன கணக்கு தாயி?" என்று கேட்டார்.

மாரிச்செல்வி பாட்டிலின் மூடியைத் திருகினாள். திருகி முடித்த பிறகும் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஒரு அப்பாவும் மவளும்ப்பா. அப்பாவுக்கு அம்பத்தொரு வயசு. மவளுக்குப் பதினேழு."

"அட, நம்மள மாதிரி."

"ஆமாப்பா."

அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம். இன்னும் வசதியாகக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். தன் பக்கத்தில் மண்ணைக் கையால் தடவிச் சமமாக்கி, அவள் எழுதுவதற்கு இடம் செய்து கொடுத்தார்.

"எப்படிப் போட்டன்னு சொல்லு பாப்போம். ஒவ்வொரு வரியா மெதுவாச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மாரிச்செல்வி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குச்சியை எடுத்து ஐம்பத்தொன்று என்று எழுதினாள். தன்னால் முடிந்த அளவு மெதுவாக எழுதினாள்.